ஐந்து அங்குலம் காலி

சம்ப் ஒன்று வேண்டும் என்றதும்
செல்வின் ஜன்னல் வழியே முற்றத்தைக் காட்டினான்.
சிமெண்ட் மூடி, அதன்மேல் கொடியிலிருந்து விழுந்த துண்டு,
ஒன்றுவிட்ட ஒருநாள் ஆறு வந்து நிறையும்
பன்னிரண்டாயிரம் லிட்டர்.
"அந்த சம்ப் இல்ல."
"பின்ன எந்த சம்ப்?"

தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி.
மேலே நீல வெளிச்சத்தில் பவளம் விரியும்போது
அது தின்றது, துப்பியது, உதிர்த்தது எல்லாம்
கதவுக்குப் பின்னால் வந்து சேரும் இடம்.

ஆறடி நீளம், இரண்டரை அகலம், இரண்டு உயரம்.
எண்ணூற்றைம்பது லிட்டர் கடலுக்கு
கீழே எவ்வளவு வைப்பது?
ஹைகிரவுண்டில் நாலு மணி நேரம் ஒரு ஆள் வீதம்
ரத்தத்தை வெளியே எடுத்து, அலசி
திருப்பி அனுப்புகிறவள் நான்.
இது சின்னக் கணக்கு என்று நினைத்தேன்.
நோட்டு பாதி தீர்ந்தது.

முதல் அறையில் துணிப்பை.
மூன்று நாளைக்கொருமுறை துவைக்காவிட்டால்
பிடித்த அழுக்கையே திருப்பித் தரும்.
தானே சுருளும் வகையும் உண்டு,
விலை என் ஒரு மாதச் சம்பளம்.
துவைக்கத் தெரியும். பை போதும்.

அடுத்து நுரை வடிப்பான்.
ஊசிமுனைக் குமிழிகள் அழுக்கைக் கட்டிக்கொண்டு ஏறி
கோப்பையில் கடுங்காப்பியாக வழியும்.
பெட்டியில் ஆயிரம் லிட்டர் என்று போட்டிருந்தால்
ஐந்நூறு என்று வாசிக்க வேண்டும்.
பெரியதையே எடுத்தேன். உயரம் இருபத்திரண்டு அங்குலம்,
வானமாமலை அடித்த ஸ்டாண்டின் வாய் இருபது.
அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என்னை ஒரு பார்வை பார்த்தார்.
அறுத்தார்.

பாசிக்கு ஓர் அறை, ராத்திரி மட்டும் எரியும் விளக்கோடு.
கடைசியில் மோட்டார்.
தூத்துக்குடியிலிருந்து ஒருத்தன்
உயிர்க்கல் தருகிறேன், கேஸ் வராது என்றான்.
அவன் நம்பரை அழித்தேன்.
பவளம் வரும்போது ரசீதோடு வரட்டும்.

மேலப்பாளையத்தில் மசூது அண்ணன்
கண்ணாடியில் வெட்டுமுனையை வைத்தவர், இழுக்கவில்லை.
"கரண்டு போனா என்னம்மா ஆவும்?"

கரண்டு போனால் ஏறுவது நிற்கும்,
இறங்குவது நிற்காது.
மேல்மட்டத்தில் ஒன்றரை அங்குலம், குழாயில் தங்கியது,
அறுபது லிட்டர் இருட்டில் கீழே வரும்.
வருவதற்கு இடம் இருக்க வேண்டும்.
நான்கடிக்கு ஒன்றரையடி, விளிம்பிலிருந்து ஐந்து அங்குலம்,
எதுவும் வைக்கக் கூடாது,
நிரப்பிவிடலாமே என்று தோன்றவும் கூடாது.
"ஒண்ணும் இல்லாததுக்கு ஆயிரத்தெண்ணூறா?"
ரசீதைப் பார்த்துச் செல்வின் கேட்டான்.
ஆமா என்றேன்.

ஞாயிறு ராத்திரி நல்ல தண்ணியில் ஓட்டிப் பார்த்தோம்.
மெயினை நானே அணைத்தேன்.
விசிறி ஓய்ந்தது. பக்கத்து வீட்டு டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
தண்ணீர் இறங்கத் தொடங்கியது,
மசூது அண்ணன் டார்ச்சில்
தடுப்புக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக முழுக்கி ஏறியது.
ஏறியது.
விளிம்புக்கு இரண்டு விரற்கடை இருக்க
குழாய் ஒருமுறை உறிஞ்சிச் சத்தமிட்டது.
நின்றுவிட்டது.
அண்ணன் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.
செல்வின் மண்டியிட்டுத் தரையைத் தடவினான்.

செவ்வாய்க்கிழமை, நாலாம் நம்பர் கட்டில்.
பிரம்மநாயகம் சாருக்கு
ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி, குழம்பையும் சேர்த்து.
"மீன் விட்டாச்சா?"
"இன்னும் உப்பே போடலை சார்."
"உப்பா" என்றார்,
பேச்சு விட்டுப்போன கூட்டாளி பேரைச் சொல்வதுபோல.
"எத்தன கிலோ?"
"முப்பத்திரண்டு."
சிரித்தார். கை அசைந்து மெஷின் அலறியது.
"அசையாதீங்க சார்" என்று ஊசியைப் பார்த்தேன்,
நரம்பு சரியாக இருந்தது.
அவர் நிறுத்தவில்லை.
"முப்பத்திரண்டு கிலோ" என்று
பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.